நெருப்பு இருக்கா? ட்வின் பீக்ஸ் எட்டாவது பாகம் புரியலன்னு சொல்றவங்களுக்கு

ட்வின் பீக்ஸ்ங்கற பழைய அமெரிக்க டிவி சீரியலோட தொடர்ச்சியா 2017ல வந்த ட்வின் பீக்ஸ் த ரிட்டர்ன் பாத்த யார்கிட்ட கேட்டாலும் எட்டாவது பாகத்துக்கு ஒரே பதில்தான் வரும், "ஒண்ணும் புரியல, ஆனா செம". நானும் ரொம்ப நாள் இதையேதான் சொல்லிட்டு திரிஞ்சேன். முதல் தடவ பாத்தப்போ ராத்திரி பதினொரு மணி இருக்கும், தண்ணி குடிக்க எந்திரிச்சு வந்த அம்மா ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டு "என்னடா புள்ளி புள்ளியா வருது, டிவி போயிடுச்சா"ன்னு கேட்டாங்க, இல்லம்மா கதையே இதுதான்னு சொன்னேன், ஒரு மாதிரி பாத்துட்டு போயிட்டாங்க. அதுக்கப்புறம் நாலஞ்சு தடவ பாத்தாச்சு, இப்ப எனக்கு தோணறது அதுக்கு நேர் எதிர். பதினெட்டு பாகத்துலயே கதைய நேரா, வரிசையா, தேதி போட்டு சொல்ற பாகம் இது ஒண்ணுதான். மத்த பாகங்கள்லதான் எது முன்னாடி எது பின்னாடின்னு நாம மண்டைய பிச்சிக்கணும். இதுல முதல்ல ஒண்ணு நடக்குது, அதனால இன்னொண்ணு நடக்குது, பதினோரு வருஷம் கழிச்சு அதோட விளைவு வருது, அவ்ளோதான்.

(பாக்காதவங்க இங்கயே நிறுத்திக்கோங்க, எல்லாத்தையும் உடைச்சுதான் பேசப்போறேன்.)

எட்டாவது பாகம் எந்த கேள்விக்கு பதில்னு தெரியணும்னா 1990க்கு போகணும். அந்த வருஷம் ஏப்ரல் 8ஆம் தேதி அமெரிக்காவுல ஏபிசி சேனல்ல டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்ட்டும் சேந்து உருவாக்கின ட்வின் பீக்ஸ் ஆரம்பிக்குது. கனடா எல்லைக்கு பக்கத்துல மரம் அறுக்கற தொழில நம்பி இருக்கற ஒரு சின்ன ஊரு, லாரா பாமர்னு ஒரு ஸ்கூல் பொண்ணு, பிளாஸ்டிக் தாள்ல சுத்தின அவ உடம்பு கரை ஒதுங்குது, விசாரிக்க டேல் கூப்பர்னு ஒரு எஃப்பிஐ ஏஜெண்ட் வர்றாரு. ஊரெல்லாம் யாரு கொன்னா யாரு கொன்னான்னு ஒரே பேச்சு. லிஞ்சுக்கு அந்த கேள்விக்கு பதில் சொல்றதுலயே இஷ்டம் இல்ல, அது பொன் முட்டையிடற வாத்துன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்காரு, ஆனா சேனல் விடல. ரெண்டாவது சீசன்ல, 1990 நவம்பர்ல, கொலகாரன் யாருன்னு காட்டிட்டாங்க, வாத்து செத்துப்போச்சு, 1991 ஜூன்ல சீரியலும் நின்னுபோச்சு.

கொன்னது லாராவோட அப்பா லீலண்ட். ஆனா அவருக்குள்ள பாப்னு ஒரு கெட்ட ஆவி புகுந்திருக்குன்னு கதை சொல்லுது. இங்கதான் சிக்கல். பெத்த பொண்ணையே வருஷக்கணக்கா நாசம் பண்ணின ஒரு அப்பன, "பாவம் அவருக்குள்ள பேய் இருந்துச்சு"ன்னு சொல்லி விட்டுட முடியுமா? லீலண்ட் செத்ததுக்கப்புறம் கூப்பரும் மத்தவங்களும் காட்டுல நின்னு இதையேதான் பேசிப்பாங்க, அப்ப ஆல்பர்ட்னு ஒரு எஃப்பிஐ ஆளு, எப்பவும் எரிஞ்சு விழற கேரக்டர், அமைதியா ஒண்ணு சொல்வாரு: ஒருவேள மனுஷங்க பண்ற கெடுதலுக்குத்தான் பாப்னு பேரோ என்னவோ. அந்த வசனம் அப்படியே அந்தரத்துல தொங்கிட்டு நின்னுச்சு. இருபத்தி ஆறரை வருஷம் கழிச்சு 2017 ஜூன் 25ஆம் தேதி ஷோடைம் சேனல்ல வந்த எட்டாவது பாகம், அந்த வசனத்துக்கு ஒரு தேதியும் இடமும் குடுக்குது. மனுஷங்க பண்ணின கெடுதல்தானே, சரி, எது, எங்க, எப்பன்னு சொல்லிடுது.

ஆரம்பம் சாதாரணமாத்தான் இருக்கும். கூப்பரோட கெட்ட நகல், மிஸ்டர் சி, ஜெயில்ல இருந்து ரேன்னு ஒருத்தன் கூட கார்ல தப்பிச்சு போறான், ரே அவன சுட்டுடறான். உடனே இருட்டுக்குள்ள இருந்து கரி பூசின மாதிரி தாடிக்கார ஆளுங்க ஓடிவந்து அந்த உடம்ப சுத்தி ஆடறாங்க, நோண்டறாங்க, ரத்தத்த எடுத்து மூஞ்சில அப்பறாங்க, வயித்துல இருந்து ஒரு உருண்ட வெளிய வருது, அதுக்குள்ள பாப்போட சிரிப்பு. ரே அலறி அடிச்சுட்டு ஓடிடறான். அடுத்த சீன் ரோட்ஹவுஸ் பார்ல நைன் இஞ்ச் நெயில்ஸ்ங்கற ராக் குழு மேடை ஏறி ஒரு முழுப் பாட்டு பாடறாங்க. கதைக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்னு தேடினவங்க நிறைய பேரு, எனக்கு அது சும்மா காது கிழியற சத்தத்துக்கு நம்மள தயார் பண்றதுன்னுதான் தோணுது.

ஏன்னா அடுத்து திரை கறுப்பு வெள்ளையா மாறி எழுத்து வருது: 1945 ஜூலை 16, வைட் சாண்ட்ஸ், நியூ மெக்சிகோ, காலைல 5 மணி 29 நிமிஷம். உலகத்தோட முதல் அணுகுண்டு சோதன, டிரினிட்டி. இதுல எதுவும் கற்பனை இல்ல, அந்த நிமிஷம் வரைக்கும் சரி. ஹோர்னாதா டெல் முயெர்த்தோன்னு ஸ்பானிஷ்ல பேரு வெச்ச பாலைவனம், செத்தவனோட பயணம்னு அர்த்தம் வரும். முப்பது மீட்டர் உயரத்துல ஒரு இரும்பு டவர், அது மேல புளூட்டோனியம் குண்டு. வெடிச்சப்போ டவர் ஆவியாப்போச்சு, கீழ இருந்த மணல் உருகி பச்சக் கண்ணாடியா உறைஞ்சுது, டிரினிடைட்னு இன்னைக்கும் அதுக்கு பேரு இருக்கு. சுத்துப்பட்டு ஊர்க்காரங்க வெளிச்சத்த பாத்து பயந்து கேட்டப்போ வெடிமருந்துக் கிடங்கு வெடிச்சிடுச்சுன்னு ராணுவம் கத கட்டி விட்டுச்சு.

லிஞ்ச் இத எப்படி காட்டறாருன்னு பாருங்க. ஓடற ஆளுங்க இல்ல, விஞ்ஞானிங்க மூஞ்சி இல்ல, கறுப்புக் கண்ணாடி போட்ட ராணுவ அதிகாரிங்க இல்ல. ரொம்ப தூரத்துல, வானத்துல கேமரா, கவுண்ட்டவுன் குரல், ஒரு வெள்ளை மின்னல், அப்புறம் கேமரா ரொம்ப மெதுவா, நிறுத்தாம, அந்தக் காளான் மேகத்த நோக்கி போய்க்கிட்டே இருக்கும். நாம ஓடிப்போக வேண்டிய இடத்துக்குள்ள நம்மள கூட்டிட்டுப் போறாரு. உள்ள போனதும் உருவம் எதுவும் இல்ல, பொறி, புகை, துகள், கலர், திடீர்னு கூட்டமா ஈ பறக்கற மாதிரி ஒண்ணு. கிராஃபிக்ஸ் பண்ணினது பஃப்னு ஒரு பிரெஞ்சு கம்பெனி.

அந்த இடத்துல வர்ற இசை போலந்துக்காரர் பெண்டரெட்ஸ்கியோடது, 52 தந்தி வாத்தியம், எல்லாம் சேந்து கீச்சிடும். ஹிரோஷிமாவுல செத்தவங்களுக்கான ஒப்பாரின்னு அதுக்கு பேரு. அடடா பொருத்தமா புடிச்சிருக்காரேன்னு தோணும்ல? ஆனா 1960 வாக்குல அத எழுதறப்போ பெண்டரெட்ஸ்கி மனசுல ஹிரோஷிமா இல்லவே இல்ல, அது ஓடற நேரத்தையே பேரா வெச்சிருந்தாரு, எட்டு நிமிஷம் முப்பத்தேழு செகண்ட்னு. வாசிச்சு கேட்டப்பதான் அவருக்கே ஆடிப்போயி அப்புறமா அந்தப் பேரு வெச்சாரு. முதல்ல ஓலம், பின்னாடி அதுக்கான காரணம். ட்வின் பீக்ஸும் அதே கததான், லாராவோட சாவு 1990ல வந்துடுச்சு, அதுக்கான குண்டு 2017லதான் வெடிக்குது.

டிரினிட்டின்னாலே நம்ம ஆளுங்களுக்கு ஓப்பன்ஹைமர் சொன்ன கீதை வரி ஞாபகம் வரும், நான் மரணமானேன், உலகங்கள அழிக்கறவன்னு 1965ல ஒரு டிவி டாக்குமெண்டரில சொன்னது. மூலத்துல இருக்கற சொல்லு 'கால'. அவரு அத மரணம்னு எடுத்துக்கிட்டாரு, நிறைய பேரு அது காலம்தான்னு சொல்றாங்க. தமிழ்ல நமக்கு இந்த சண்டையே இல்ல, காலம்னாலும் அதுதான், காலன்னாலும் அதுதான். எட்டாவது பாகத்துல ரெண்டுமே உடையுது. மேகத்துக்குள்ள போனதும் ஒரு பழைய கடை வரும், பெட்ரோல் பங்க் வெச்ச கன்வீனியன்ஸ் ஸ்டோர், வாசல்ல அந்தக் கரி மூஞ்சி ஆளுங்க வெட்டி வெட்டி ஓடற ஃபிலிம் மாதிரி முன்னும் பின்னும் துடிப்பாங்க, நேரம் அங்க ஓடவே மாட்டேங்குது. முதல் சீசன்ல கூப்பரோட கனவுல ஒத்தைக்கை ஆளு ஒருத்தன், நாங்க ஒரு கன்வீனியன்ஸ் ஸ்டோர் மாதிரி எடத்துக்கு மேல குடியிருந்தோம்னு சொல்வான்ல, அந்தக் கடதான் இது. மொத்த சீரியலும் "இது எந்த வருஷம்?"ங்கற கேள்வியோடதான் முடியும், அந்தக் குழப்பத்துக்கான விரிசல் விழுந்த நாள் இதுன்னு நான் எடுத்துக்கறேன்.

அப்புறம் வெறும் இருட்டுல மிதக்கற ஒரு வெளுத்த உருவம், வாயில இருந்து நீளமா ஒரு சரடு கக்குது, அதுல முட்ட முட்டையா இருக்கு, ஒரு கறுப்பு உருண்டைக்குள்ள பாப் மூஞ்சி. கெடுதல் உலகத்துக்குள்ள வந்தாச்சு.

இதுக்கு பதில் எங்க இருந்து வருதுன்னா, ஊதாக் கலர் கடலு, நடுவுல ஊசி மாதிரி ஒரு பாற, உச்சில ஒரு கோட்ட. பழைய சீரியல்ல கூப்பருக்கு குறிப்பு குடுத்துட்டு இருந்த அதே நெட்ட மனுஷன் (நடிச்சது கேரல் ஸ்ட்ரூய்க்கன்) அங்க குடியிருக்காரு, கூட செனோரிட்டா டீடோன்னு ஒரு அம்மா, பழைய காலத்துப் பாட்டு ஓடிட்டிருக்கு. இந்த பாகத்துல அவருக்கு டைட்டில் கார்டுல பேரே கிடையாது, வெறும் கேள்விக்குறிதான், பின்னாடி ஒரு பாகத்துலதான் தான் தீயணைக்கறவன்னு சொல்லிக்குவாரு. மணி அடிக்குது, அவரு மெதுவா நடந்து ஒரு தியேட்டருக்குள்ள போறாரு, திரையில நாம இவ்ளோ நேரம் பாத்த அதே குண்டு வெடிப்பு ஓடுது. பாப் மூஞ்சி வந்ததும் நிறுத்தறாரு. அந்தரத்துல எழும்பறாரு, தலைல இருந்து பொன்னா ஒளி கொட்டுது, அதுல இருந்து ஒரு தங்க உருண்ட, உள்ள லாரா பாமர் சிரிச்சுட்டு இருக்கா. டீடோ அத வாங்கி முத்தம் குடுத்து மேல விடறாங்க, அது பூமிக்கு போகுது. பின்னணில வர்ற, சீரியலோட இசையமைப்பாளர் பாடலமெண்டியோட இசைய கேட்டா கண்ணு கலங்கிடும், ஒத்துக்கறேன்.

ஆனா இந்த இடம் எனக்கு ரொம்ப நாள் உறுத்திச்சு. லாராங்கறவ ஒரு சாதாரண பொண்ணு, வீட்டுக்குள்ளயே வதைபட்டவ, அவளோட கடைசி நாட்கள பத்தி 1992ல வந்த ட்வின் பீக்ஸ் படம் முழுக்க அவளோட வலிய அவ்ளோ நேர்மையா காட்டினாங்க, இப்ப வந்து அவ வானத்துல இருந்து இறங்கின அவதாரம்னு சொன்னா அது அவள சின்னதாக்கற மாதிரி இல்லயா? நிறைய ரசிகருங்க இதுக்கு சண்ட போட்டிருக்காங்க. இப்ப நான் பாக்கறது வேற மாதிரி. அந்த நெட்ட மனுஷன் பண்றது அப்படி ஒண்ணும் புனிதமான காரியம் இல்ல. தீ பத்திக்கிச்சு, அணைக்க ஒரு பொண்ண அனுப்பறாரு, அதுவும் எந்த வீட்டுக்குள்ள தீ எரியப்போகுதோ அந்த வீட்டுக்கே. பொன் ஒளி, முத்தம் எல்லாம் சரி, அனுப்பி வெக்கறது எங்கன்னு நமக்கு தெரியும்ல, அதான் அந்த இசை அவ்ளோ சோகமா இருக்கு.

எல்லாரும் பேசறது குண்டு பத்தி. என்னக் கேட்டா பாகத்தோட உயிரு கடைசில வர்ற 1956தான்.

1956 ஆகஸ்ட் 5, அதே நியூ மெக்சிகோ. தேதிய கொஞ்சம் கவனிங்க. ஹிரோஷிமால குண்டு விழுந்தது ஜப்பான் கணக்குல 1945 ஆகஸ்ட் 6 காலைல எட்டே கால். அந்த நேரம் நியூ மெக்சிகோல ஆகஸ்ட் 5 சாயங்காலம். அதாவது பதினோரு வருஷம் முடிஞ்ச அதே ராத்திரி, பாலைவன மணல்ல கெடந்த ஒரு முட்ட பொரிஞ்சு பாதி தவள பாதி விட்டில் மாதிரி ஒரு ஜந்து ஊர்ந்து வருது. விட்டில்னா நெருப்புல போய் விழற பூச்சின்னுதான நமக்கு தெரியும், இது நெருப்புல இருந்து வெளிய வர்ற பூச்சி.

அதே நேரம் ஒரு பையனும் பொண்ணும் வீட்டுக்கு நடந்து போயிட்டிருக்காங்க. கீழ கெடந்த ஒரு பென்னி காச பொண்ணு எடுக்கறா, லிங்கன் தலை இருக்கற பக்கம் மேல பாத்த மாதிரி இருக்கு, அதிர்ஷ்டமாம். பையன் கூச்சத்தோட ஒரு முத்தம் குடுக்கறான். அவ்ளோ வெகுளியான சீன். இன்னொரு பக்கம் வானத்துல இருந்து கரி மூஞ்சி ஆளு இறங்கி ரோட்டுக்கு வர்றான், ஒரு வயசான ஜோடியோட கார நிறுத்தி, வாயில சிகரெட்டோட, கரகரன்னு ஒரே கேள்வி: "நெருப்பு இருக்கா?" திரும்பத் திரும்ப அதேதான். அவனா நடிச்ச ராபர்ட் பிராஸ்கி யாரு தெரியுமா, லிங்கன் வேஷம் கட்டறவரு. காசுல இருக்கற அதே மூஞ்சி. அதிர்ஷ்டம்னு அந்தப் பொண்ணு கைல வெச்சிருக்கற மூஞ்சியும் ரோட்டுல வந்து நெருப்பு கேக்கற மூஞ்சியும் ஒண்ணு. நெருப்பே இவனோட பிறந்த வீடு, அப்புறம் இவன் எதுக்கு ஊரார்கிட்ட கேக்கறான்? கேட்டு வாங்கினாத்தான் உள்ள வர முடியும்போல, யாராவது குடுக்கணும்.

நேரா கேபிஜேகேங்கற ரேடியோ ஸ்டேஷனுக்கு போறான். அங்க பிளாட்டர்ஸ் குழு பாடின மை பிரேயர் ஓடிட்டிருக்கு, அந்த ஆகஸ்ட்ல அமெரிக்காவுல நிஜமாவே நம்பர் ஒன்னா இருந்த காதல் பாட்டு. இதோட மெட்டு 1926ல ஜார்ஜ் புலாங்கேர்ங்கறவரு வயலினுக்கு எழுதினது, பிரெஞ்சுல அதுக்கு அவரு வெச்ச பேரு 'சாகறதுக்கு முன்னாடி'. லிஞ்ச் இது தெரிஞ்சுதான் எடுத்தாரான்னு கேக்காதீங்க, தெரியாம எடுத்திருந்தா இன்னும் பயமா இருக்கு. ரிசப்ஷன்ல இருந்த பொண்ணோட மண்டைய கையாலயே நசுக்கறான், பாட்டு போடற ஆள புடிச்சுக்கிட்டே மைக்ல பேச ஆரம்பிக்கறான்: இதுதான் தண்ணி, இதுதான் கிணறு, நெறயக் குடி, கீழ இறங்கு, குதிரதான் கண்ணோட வெள்ள, உள்ள இருட்டு. அதையே சொல்லிக்கிட்டே இருக்கான். ஓட்டல்ல வேல பாக்கற அம்மா சரிஞ்சு விழறாங்க, கராஜ்ல வேல செய்யற ஆளு விழறான், கட்டில்ல ரேடியோ கேட்டுட்டிருந்த அந்தப் பொண்ணு தூங்கிடறா. ஜன்னல் வழியா தவள விட்டில் வருது, அவ வாயத் தொறக்கறா, அது உள்ள போயிடுது.

அந்தப் பொண்ணு யாருன்னு சீரியல் சொல்லவே இல்ல. ஆனா அதே வருஷ கடைசில ஃப்ராஸ்ட் எழுதின கோப்பு வடிவப் புத்தகம் ஒண்ணு அது லாராவோட அம்மா சாரா பாமர்தான்னு கிட்டத்தட்ட கைய காட்டிடுது. புத்தகம் இல்லன்னாலும் சீரியலுக்குள்ளயே தடயம் இருக்கு, அந்தக் குதிரதான். 1990ல லீலண்ட் லாராவோட கசின் மேடிய கொல்லப்போற ராத்திரி, சாராவுக்கு மயக்க மருந்து குடுத்திருப்பான், அவ தவழ்ந்து வந்து கூடத்துல ஒரு வெள்ளக் குதிரைய பாத்துட்டே மயங்கிடுவா. லாராவோட கதைய சொல்ற அந்த 1992 படத்துலயும் அதேதான், அந்த வீட்டுல என்ன நடக்கக்கூடாதோ அது நடக்கறப்போ அம்மா கண்ணுல குதிரதான் தெரியும். குதிரைங்கறது பாக்காம இருக்கறதுக்கான மயக்கம். கண்ணு தொறந்திருக்கும், வெள்ள மட்டும் தெரியும், உள்ள இருட்டு. 1956ல அந்த ரேடியோ ஊர் முழுக்க குடுக்கறது இந்த மருந்தத்தான். பதினாலாவது பாகத்துல சாரா ஒரு பார்ல தன் முகத்த கழட்டி உள்ள இருக்கற இருட்ட ஒருத்தனுக்கு காட்டுவா பாருங்க, அப்ப எல்லாம் வந்து ஒட்டிக்கும்.

த ரிட்டர்னோட முதல் பாகம் முதல் சீன்லயே அந்த நெட்ட மனுஷன் கூப்பர்கிட்ட ஒரு கிராமபோன காட்டி சத்தத்த கவனின்னுட்டு, அது இப்ப நம்ம வீட்டுக்குள்ள இருக்குன்னு சொல்வாரு. எது, எப்படி வந்துச்சுன்னு சொல்ல மாட்டாரு. எட்டாவது பாகம் அந்த ஒரு வரியோட பதவுரைதான். பாலைவனத்துல அரசாங்கம் ரகசியமா வெடிச்ச ஒண்ணு வீட்டுக்குள்ள கதவ ஒடச்சுட்டு வரல, காதல் பாட்டு ஓடற ரேடியோ வழியா, தூங்கற புள்ளையோட வாய் வழியா வந்துச்சு. நிஜத்துல குண்டோட கதிரியக்கமும் அப்படித்தான், சத்தம் இல்லாம காத்துல, தொட்டித் தண்ணில, பால்ல கலந்து அங்க இருந்த குடும்பங்களுக்குள்ள போச்சு. இதுதான் தண்ணி இதுதான் கிணறுன்னு அவன் சொல்றத அந்த ஊர்க்காரங்க கேட்டா கவிதைன்னு நெனைக்க மாட்டாங்க.

இன்னொரு சின்ன கணக்கு. லிஞ்ச் பிறந்தது 1946 ஜனவரி 20. டிரினிட்டி வெடிச்சப்போ அவரு அம்மா வயித்துல இருக்காரு. 1956 ஆகஸ்ட்ல பத்து வயசு, ரேடியோ கேட்டுட்டே தூங்கற வயசு. அவரு அப்பா விவசாயத் துறைல மரங்கள ஆராய்ச்சி பண்ணின விஞ்ஞானி, காட்டுல திரியறவரு. கரி மூஞ்சி ஆளுங்களுக்கு சீரியல்ல பேரு மரக்காட்டு ஆளுங்கதான். இதுக்கு மேல நான் எதுவும் சொல்லல, நீங்களே பாத்துக்கோங்க. மனுஷன் 2025 ஜனவரில போயிட்டாரு, உயிரோட இருந்தவரைக்கும் எந்த காட்சிக்கும் விளக்கம் குடுத்தது இல்ல.

குறையும் இருக்கு. இவ்ளோ பெருசா பிறக்க வெச்ச பாப்ப பதினேழாவது பாகத்துல பச்சக் கையுறை போட்ட ஒரு பையன் குத்தி உடைக்கறான், அத பாத்தப்போ எனக்கு சப்புன்னு ஆயிடுச்சு. ஆனா அடுத்த பாகத்துல லாரா அந்த வீட்டு வாசல்ல நின்னு அலறறப்போ, உடைஞ்சது பாப் மட்டும்தான், வீட்டுக்குள்ள போனது இன்னும் வெளிய வரலன்னு புரிஞ்சுது.

எட்டாவது பாகம் முடியறப்போ அந்தக் கரி மூஞ்சி ஆளு இருட்டுக்குள்ள நடந்து போறான், எங்கயோ குதிர கனைக்கற சத்தம், தூங்கற பொண்ணோட முகத்து மேல பேருங்க ஓடுது. ஜூலை 4 விடுமுறைன்னு ஷோடைம் அடுத்த வாரம் லீவு விட்டுடுச்சு, ரெண்டு வாரம் உலகமே மண்டைய ஒடச்சுக்கிட்டு காத்திருந்துச்சு. ஒன்பதாவது பாகம் ஜூலை 9ல வருது, ரத்தக் கறையோட மிஸ்டர் சி மண் ரோட்டுல நடந்து வர்றான், குண்டு பத்தி யாரும் ஒரு வார்த்த பேசல.